வாத்து ஏன் விழவில்லை?

வீடியோ கேமோடு வரும் பிளாஸ்டிக் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை. அதன் குழலிலிருந்து ஒளியோ கதிரோ எதுவும் வெளியே வராது. விசையை இழுத்ததும் அது செய்யும் ஒரே வேலை, எதிரே இருக்கும் டிவியைப் பார்ப்பது. குழலுக்குள் ஒரு சின்ன லென்ஸ், அதற்குப் பின்னால் வெளிச்சம் பட்டால் சேதி சொல்லும் ஓர் ஒளியுணரி, அவ்வளவுதான் உள்ளே இருக்கிறது. உண்மையில் சுடுவது டிவி. துப்பாக்கி அந்த அடியை வாங்கிக்கொள்கிறது.

தொண்ணூறுகளில் 'மீடியா', 'சாமுராய்' என்றெல்லாம் பெயர் போட்டு வந்த டிவி கேம் பெட்டிகளில் விளையாடியவர்களுக்கு 'டக் ஹன்ட்' மறந்திருக்காது. புல்லுக்குப் பின்னாலிருந்து வாத்து எழும்பும். சுட்டால் விழும். விட்டுவிட்டால் ஒரு நாய் தலையை நீட்டிச் சிரிக்கும். கடுப்பில் அந்த நாயைச் சுட்டுப் பார்க்காத பிள்ளை கிடையாது. அது சாகவும் சாகாது. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1984இல் வெளியிட்ட விளையாட்டு அது. நம் கைக்கு வந்த பெட்டிகளில் பெரும்பாலானவை அந்நிறுவனப் பெட்டியின் தைவான், சீன நகல்கள்.

அந்த நகல்களுக்கு இப்போது மறுபிறவி வந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான பழைய விளையாட்டுகளை ஒரே பெட்டியில் அடைத்து, இரண்டு ரிமோட், ஒரு துப்பாக்கி சேர்த்து, சின்ன வயசு ஞாபகம் என்று ஆன்லைனில் விற்கிறார்கள். பல்லடத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அக்கா மகன் அப்படி ஒன்றை வாங்கி, கூடத்தில் இருந்த 32 அங்குல எல்.இ.டி. டிவியில் மாட்டியிருந்தான்.

"துப்பாக்கி கெட்டுப்போய் வந்திருக்குதுங்க மாமா. எப்படிச் சுட்டாலும் விழ மாட்டீங்குது."

"கிட்டப் போய்ச் சுட்டுப் பார்த்தியா?"

"டிவி மேலயே வச்சுச் சுட்டேனுங்க. நாய்தான் சிரிக்குது."

துப்பாக்கி கெட்டுப்போகவில்லை. பெட்டியும் நன்றாகத்தான் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே டிவி மாறிவிட்டது. பழைய சுடும் விளையாட்டுகள் புதுசாகத் திரும்பி வரும்போதெல்லாம் ஏதோ ஒன்று குறைகிறது என்று முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள் அல்லவா? அதில் பாதி வயசுக் கோளாறாக இருக்கலாம். மீதிப் பாதிக்கு இயற்பியலில் பதில் இருக்கிறது.

விசையை இழுத்த கணத்தில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இழுத்ததும் பெட்டி திரை முழுவதையும் ஒரு படத்துக்குக் கறுப்பாக்குகிறது. படம் என்று இங்கே நான் சொல்வது நொடிக்கு 50 அல்லது 60 தடவை மாறும் சட்டகங்களில் ஒன்றை. அடுத்த சட்டகத்தில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம் வருகிறது, மற்ற இடமெல்லாம் கறுப்பு. துப்பாக்கி அந்த வெள்ளையைக் கண்டால் வாத்து விழும். திரையில் இரண்டு வாத்து இருந்தால் முதல் வாத்துக்கு ஒரு சட்டகம், இரண்டாவதற்கு அடுத்த சட்டகம். வெளிச்சம் எந்தச் சட்டகத்தில் வந்தது என்பதை வைத்து எந்த வாத்து செத்தது என்று பெட்டி முடிவு செய்கிறது. எல்லாம் கண் சிமிட்டும் நேரத்துக்குள் முடிந்துவிடுவதால் நமக்கு ஒரு மின்னல் வெட்டியதுபோல்தான் தெரியும்.

முதலில் வரும் அந்தக் கறுப்புச் சட்டகம் எதற்கு? திருடனைப் பிடிக்க. துப்பாக்கியைக் குண்டு பல்பு பக்கம் திருப்பிச் சுடும் கில்லாடிகள் எல்லா ஊரிலும் உண்டு. திரை கறுப்பாக இருக்க வேண்டிய நேரத்தில் துப்பாக்கிக்கு வெளிச்சம் தெரிந்தால், இவன் டிவியைப் பார்த்துச் சுடவில்லை என்று பெட்டிக்குப் புரிந்துவிடும். நின்டெண்டோவின் அசல் துப்பாக்கியில் இதற்கு மேல் இன்னொரு காவலும் இருந்தது. அதைச் சொல்வதற்கு முன் பழைய டிவியின் வயிற்றுக்குள் போய்வர வேண்டும்.

பழைய டிவியில் படம் என்று ஒன்று எந்த நேரத்திலும் முழுதாக இருந்ததே இல்லை. படக்குழாயின் பின்கழுத்திலிருந்து ஓர் எலெக்ட்ரான் கற்றை கிளம்பி, முன்கண்ணாடியின் உட்புறப் பூச்சில் மோதும். மோதிய புள்ளி ஒளிரும். கற்றை இடமிருந்து வலமாக ஒரு கோடு போட்டுவிட்டு, சட்டென்று இடப்பக்கம் திரும்பி, கொஞ்சம் கீழே அடுத்த கோட்டைப் போடும். தறி ஓட்டும் பல்லடத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தறியில் ஊடை ஓடுகிற மாதிரிதான். ஒரு வித்தியாசம், தறியில் நாடா போகும்போதும் வரும்போதும் நூலை விட்டுவிட்டு வரும். கற்றை திரும்பி வரும்போது அணைந்து வரும். இன்னொரு பெரிய வித்தியாசம், இங்கே நெய்த துணி தங்காது. கீழ்க்கோடு போடும்போது மேல்கோடு மங்கிப்போயிருக்கும். எந்த ஒரு கணத்திலும் திரையில் பளிச்சென்று இருப்பது ஒரு மெல்லிய பட்டை மட்டும்தான். அதை முழுப்படமாக்கியது நம் கண்ணும் மூளையும். சந்தேகம் இருப்பவர்கள் ஓடுகிற பழைய டிவி ஒன்றை செல்போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பார்க்கலாம். மேலிருந்து கீழே ஒளிப்பட்டை ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும்.

நம் நாட்டு டிவி முறையில் ஒரு கோட்டுக்கு ஆன நேரம் 64 மைக்ரோ நொடி. 625 கோடுகள் கொண்ட முழுச் சட்டகம் நொடிக்கு 25; அது பாதிப் பாதியாக இரண்டு தடவையில் வருவதால்தான் மேலே சொன்ன 50. பெருக்கிப் பாருங்கள், நொடிக்கு 15,625 கோடுகள். இந்த எண்ணை நீங்கள் காதாலேயே கேட்டிருக்கிறீர்கள். கற்றையை இழுத்துத் திருப்பும் மின்சுருள்களும் டிரான்ஸ்ஃபார்மரும் அதே வேகத்தில் அதிர்ந்து, 'கீ...' என்று ஊசிபோல் ஒரு சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டில் சத்தத்தைக் குறைத்து வைத்து டிவி போட்டாலும் அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெருவிலிருந்தே தெரிந்துவிடும். பெரியவர்களுக்குக் கேட்காது. வயதானால் காது முதலில் இழப்பது உச்ச சுருதிகளைத்தான். இன்று ஒரு பழைய டிவியைக் கொண்டுவந்து வைத்தால், அன்று கேட்ட நம்மில் பலருக்கு அது ஊமையாகவே இருக்கும்.

இப்போது அந்த இரண்டாவது காவல். அசல் துப்பாக்கிக்குள் ஒரு வடிகட்டிச் சுற்று இருந்தது. ஏதோ ஒரு வெளிச்சம் வந்தால் போதாது. கோடு கோடாக, நொடிக்குப் பதினைந்தாயிரத்துச் சொச்சம் தடவை துடிக்கும் வெளிச்சமாக இருந்தால்தான் அது கதவைத் திறக்கும். குண்டு பல்பு, ஜன்னல் வெயில், டியூப் லைட் எல்லாம் அங்கேயே தள்ளுபடி.

எல்.இ.டி. டிவியின் சங்கதி முற்றிலும் வேறு. அதில் கற்றை கிடையாது. பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. முன்னால் திரவப் படிகங்கள் திரும்பி வெளிச்சத்தை விடுகின்றன, மறைக்கின்றன. ஒரு புள்ளி வெள்ளையானால் அடுத்த சட்டகம் வரும்வரை வெள்ளையாகவே நிற்கும். துடிப்பு இல்லை, ஆகவே வடிகட்டி திறக்காது. மலிவான நகல் துப்பாக்கி எதிலாவது வடிகட்டியே இல்லாவிட்டாலும் தப்பிக்க வழியில்லை, ஏனென்றால் அடுத்த தடை நேரம். புது டிவி தனக்கு வரும் படத்தை அப்படியே காட்டாது. முதலில் வாங்கி நினைவகத்தில் வைக்கும், 288 கோட்டுப் படத்தைத் தன் ஆயிரம் கோட்டுத் திரைக்கு இழுத்து நீட்டும், நிறத்தை மெருகேற்றும், பிறகுதான் காட்டும். பல டிவிகளில் இதற்கு 50, 100 மில்லி நொடிகூட ஆகிவிடுகிறது. பெட்டி வெள்ளைச் சதுரத்துக்காகக் காத்திருக்கும் நேரமோ ஒரே சட்டகம், 20 மில்லி நொடிக்குள். சதுரம் திரைக்கு வரும்போது கணக்கு முடிந்து நாய் சிரிக்கக் கிளம்பியிருக்கும்.

இதைச் சும்மா வாயால் சொன்னால் அக்கா மகன் நம்புவானா? அவர்கள் தறிக்குடோனில் வாட்ச்மேன் அறையில் 14 அங்குல கலர் டிவி ஒன்று தூசி படிந்து கிடந்தது. முன்பக்கம் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அரசு இலவச டிவி. 2006 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி கொடுத்து, அந்த ஆண்டு செப்டம்பரில் தொடங்கி, ஐந்தாண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போன டிவி அது. உலகத்தின் பணக்கார நாடுகள் படக்குழாயைக் கைகழுவிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், தமிழ்நாடு அதைக் கோடிக்கணக்கில் வாங்கிக் கொடுத்தது. தறிக்கூலிக் குடும்பத்துப் பிள்ளைகள் பலரும் முதன்முதலில் கேம் கேசட்டை ஊதிச் செருகி விளையாடியது இந்த டிவியில்தான். இரண்டு தட்டு தட்டியதும் படம் வந்தது. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர்களில் மஞ்சளையும் வெள்ளையையும் செருகினோம். முதல் குண்டிலேயே வாத்து விழுந்தது. நாய் வாத்தைக் கையில் தூக்கிக் காட்டியபோது பையன் என்னைப் பார்த்த பார்வையில், ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய டிவிக்கு இருந்த மரியாதை போய்விட்டது.

சுடுவதைத் தலைகீழாக்கி யோசித்தவர்களின் கதையும் சுவையானது. 1936இலேயே அமெரிக்காவின் சீபர்க் நிறுவனம் 'ரே-ஓ-லைட்' என்று ஒரு வாத்து சுடும் எந்திரத்தைக் விளையாட்டுக் கூடங்களில் வைத்தது. அதில் துப்பாக்கி நிஜமாகவே ஒளியைச் சுடும். தகர வாத்தின் உடம்பில் ஒளியுணரி இருக்கும். நின்டெண்டோ 1970இல் விற்ற பொம்மைத் துப்பாக்கியும் அதே வழிதான். அதற்கு வேண்டிய சூரிய மின்கலங்களை விற்க ஷார்ப் நிறுவனத்திலிருந்து வந்தவர் மசயுகி உவேமுரா என்ற பொறியாளர். வந்தவர் நின்டெண்டோவிலேயே சேர்ந்துவிட்டார். பின்னாளில் 1983இல் வந்த ஃபேமிகாம் பெட்டியை வடிவமைத்த குழுவுக்குத் தலைவரும் அவரே. நம் ஊர் 'மீடியா', 'சாமுராய்' எல்லாவற்றுக்கும் தாத்தா அந்தப் பெட்டி. உவேமுரா 2021 டிசம்பரில் காலமானார்.

அந்த எந்திரங்களில் தகர வாத்து நிறுவனத்தின் சொத்து, அதில் எந்த உணரியையும் ஒட்டலாம். ஆனால் வீட்டு டிவி அடுத்தவன் சொத்து. அதன் திரையில் உணரி ஒட்ட முடியாது. டிவிக்கு ஒளியை அனுப்பத்தான் தெரியும், வாங்கத் தெரியாது. ஆகவே கண்ணைத் துப்பாக்கிக்குள் வைத்தார்கள். எனக்கு இதில் பிடித்தது, அவர்கள் புதிதாக எதையும் சேர்க்கவில்லை என்பதுதான். டிவி எப்படியும் கோடு போடத்தான் போகிறது. அதையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். பின்னால் வந்த துப்பாக்கிகள் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோயின. தொண்ணூறுகளில் பிளேஸ்டேஷனுக்கு நாம்கோ செய்த 'கன்கான்' துப்பாக்கி வெள்ளைச் சதுரத்துக்காகக் காத்திருக்கவில்லை. கற்றை தன் பார்வையைக் கடந்த கணத்தைக் குறித்துக்கொள்ளும். சட்டகம் தொடங்கி எத்தனையாவது கோடு என்பதிலிருந்து உயரம் தெரியும். அந்தக் கோட்டின் 64 மைக்ரோ நொடியில் எத்தனையாவது துளியில் என்பதிலிருந்து இடம், வலம் தெரியும். பொம்மைத் துப்பாக்கி என்று நாம் நினைத்தது, நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கை எண்ணும் கடிகாரம்.

வெளிச்சத்துக்காகக் குறித்த நேரத்தில் காத்திருக்கும் இந்த வித்தை பல்லடத்தில் இன்றும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது, விளையாட்டாக அல்ல. சுக்கம்பாளையத்தில் உள்ள ஹைடெக் வீவிங் பார்க் மாதிரியான இடங்களில் ஓடும் ஏர்ஜெட் தறிகளில் நாடா கிடையாது. அழுத்திய காற்று ஊடை நூலை ஊதித் தள்ளுகிறது, நிமிடத்துக்கு 600 ஊடைக்கு மேல். நூல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வலப்பக்க ஓரத்தில் ஓர் ஒளியுணரி இருக்கும். தறி சுழலும் கோணத்தில் குறிப்பிட்ட இடைவெளிக்குள் நூல் அதன் கண்ணில் பட வேண்டும். பட்டால் தறி ஓடும். நூல் வராவிட்டாலும், நேரம் தப்பி வந்தாலும் தறி நின்று விளக்கு எரியும். 600 ஊடை என்றால் ஒரு ஊடைக்கு 100 மில்லி நொடி. அக்கா வீட்டு டிவி எடுத்துக்கொள்ளும் தாமதத்தை இந்த உணரி எடுத்துக்கொண்டால், பார்க்கில் ஒரு தறியும் ஓடாது.

துப்பாக்கியை விடுவோம். ரிமோட்டால் சுடும் விளையாட்டுகளிலும் பழைய டிவி சத்தமில்லாமல் பங்கெடுத்தது. 'கான்ட்ரா'வை எடுத்துக்கொள்ளுங்கள். கொனாமி 1987இல் காசு போட்டு ஆடும் எந்திரமாகவும், 1988இல் வீட்டுக் கேசட்டாகவும் வெளியிட்ட விளையாட்டு. முப்பது உயிர் வாங்கும் ரகசியப் பொத்தான் வரிசையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் ஒரு தலைமுறையே உண்டு. அந்தப் பெட்டியால் ஒரு கோட்டில் எட்டு உருவத் துண்டுகளுக்கு மேல் வரைய முடியாது. குண்டு மழை பொழியும்போது எட்டைத் தாண்டிவிடும். அதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள்: இந்தச் சட்டகத்தில் சில குண்டுகள், அடுத்ததில் மற்றவை என்று முறைவைத்துக் காட்டினார்கள். பழைய டிவியில் அது லேசாக மினுக்கும், அவ்வளவுதான். புது டிவிக்கு இந்தப் பழைய சமிக்ஞை என்ன வகை என்றே பல நேரம் பிடிபடுவதில்லை. ஒன்றைவிட்டு ஒன்று வரும் பாதிப் படங்கள் என்று நினைத்துக்கொண்டு இரண்டையும் பின்னப் பார்க்கும். அந்தக் குழப்பத்தில் முறைவைத்து வந்த குண்டுகளில் சில திரைக்கே வராமல் போகலாம். கண்ணில் படாத குண்டு பட்டுச் செத்தால் விளையாட்டைத்தான் திட்டுவோம்.

இதைவிட ஆச்சரியம் வேகத்தில் இருக்கிறது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 தடவை மாறும், இந்தியாவின் பி.ஏ.எல். முறையில் 50 தடவை. அந்தக் காலத்து விளையாட்டுகளுக்குத் தனியாகக் கடிகாரம் கிடையாது. சட்டகத்துக்கு இத்தனை புள்ளி நகர வேண்டும் என்றுதான் எழுதியிருப்பார்கள். ஆகவே பி.ஏ.எல். டிவிக்கென்று செய்த நகல் பெட்டியில் 60க்கு எழுதிய கேசட்டைப் போட்டால் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். ஓட்டம், குதிப்பு, குண்டு எல்லாம். பாட்டும் நிதானமாகிவிடும். அப்படிப்பட்ட பெட்டியில் பழகியவருக்கு, கொனாமி 2019இல் பழைய விளையாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டபோது கிடைத்த அசல் 'கான்ட்ரா', தன் நினைவில் இருப்பதைவிட 20 சதவீதம் வேகமாக ஓடியிருக்கும். கை கூடி வராதது வயசால் என்று அவர் நினைத்திருப்பார். அசலே அவருக்கு அந்நியம் என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதே 2019இல் 'கான்ட்ரா: ரோக் கார்ப்ஸ்' என்று ஒரு புது விளையாட்டும் வந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொடர்ந்து சுட்டால் துப்பாக்கி சூடேறி நின்றுவிடும் என்று ஒரு விதியை வைத்திருந்தார்கள். விரலைப் பொத்தானிலிருந்து எடுக்காமல் சுடுவதுதான் 'கான்ட்ரா'. அந்தப் புது விளையாட்டு ருசிக்காமல் போனதற்குக் காரணம் தேட இயற்பியலுக்குப் போக வேண்டியதில்லை.

தாமதத்துக்குத் திரும்புவோம். மனிதன் ஒன்றைக் கண்டு விரலை அசைக்கவே சுமார் 200 மில்லி நொடி ஆகிறது. இதில் டிவி ஒரு 50ஐத் தின்றால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நன்றாக விளையாடுகிறவர் கண்டபின் சுடுவதில்லை. வாத்து எங்கே போகப்போகிறது என்று மூளை முன்கூட்டியே கணித்து விரலுக்கு உத்தரவு போட்டுவிடுகிறது. அந்தக் கணிப்புக்குள் டிவியின் தாமதமும் சேர்ந்தே பதிந்துவிடுகிறது. இதை 2006இல் 'நியூரான்' ஆய்விதழில் வந்த ஒரு சோதனை அழகாகக் காட்டியது. டேவிட் ஈகிள்மேன் உள்ளிட்ட ஆய்வாளர்கள், ஆட்களைப் பொத்தானை அழுத்தச் சொல்லி, அழுத்திய 135 மில்லி நொடி கழித்து ஒரு மின்னொளியைக் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் மூளை பழகிக்கொண்டது. அழுத்தியதும் வெளிச்சம் வருவதாகவே பட்டது. பிறகு தாமதத்தைத் திடீரென்று குறைத்தபோது, தாங்கள் அழுத்துவதற்கு முன்பே வெளிச்சம் வந்துவிட்டதாகப் பலர் உணர்ந்தார்கள். காரியம் முந்தி, காரணம் பிந்தி!

இப்படிப் பழகிக்கொள்ளும் மூளைக்கு ஒரு நிபந்தனை உண்டு: தாமதம் மாறாமல் இருக்க வேண்டும். புது டிவியில் ரிமோட், பெட்டி, படத்தை மெருகேற்றும் சில்லு என்று ஒவ்வொன்றும் தன் பங்கைச் சேர்க்கிறது. சில சமயம் அந்தப் பங்கு ஏறி இறங்கவும் செய்கிறது. பெரும்பாலான டிவிகளில் 'கேம் மோட்' என்று ஓர் அமைப்பு ஒளிந்திருக்கும். அதைப் போட்டால் மெருகேற்றும் வேலைகள் நின்று தாமதம் நன்றாகவே குறையும். நம் வீடுகளில் அதைத் தேடிப்போய்ப் போட்டவர்கள் குறைவு. 'கான்ட்ரா'வுக்கு அது உதவும். வாத்துக்கு உதவாது.

பெரிய நிறுவனங்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. நின்டெண்டோ 2016இல் தன் பழைய பெட்டியைக் கைக்கடக்கமாகத் திரும்ப வெளியிட்டபோது 30 விளையாட்டுகளை உள்ளே வைத்தது. 'டக் ஹன்ட்' அதில் இல்லை. அதற்கு முன் 2014 இறுதியில் அதை வேறொரு கருவியில் வெளியிட்டிருந்தது. ஆனால் துப்பாக்கிக்குப் பதில் நின்டெண்டோவின் 'வீ' கருவியோடு வந்த ரிமோட். அதன் நுனியில் ஓர் அகச்சிவப்புக் கேமரா உண்டு. டிவிக்கு மேல் வைக்கும் பட்டையில் இரண்டு அகச்சிவப்பு விளக்குக் கூட்டங்கள். அவை கேமராவில் எங்கே விழுகின்றன என்பதை வைத்து ரிமோட் எங்கே நோக்குகிறது என்று கணக்கிடுவார்கள். பட்டைக்குப் பதிலாக டிவி மேல் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தாலும் வேலை செய்யும். மெழுகுவர்த்திக்கு வேலை வரும் நேரத்தில் டிவிக்குக் கரண்ட் இருக்காது என்பதுதான் நமக்குப் பழக்கம்.

வேலை செய்தது, ஆனால் திரையில் ஒரு குறிவட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். குழலின் வழியாகக் கண்ணால் குறி பார்ப்பது போய், வட்டத்தை வாத்துக்கு மேல் ஓட்டிப்போய் வைப்பது என்று ஆனது. இரண்டும் ஒன்றல்ல என்பது ஒரே ஒரு முறை இரண்டையும் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்த வகை ஏமாற்றத்துக்குச் சரியான மாதிரி, 2022 ஏப்ரலில் வந்த 'தி ஹவுஸ் ஆஃப் த டெட்: ரீமேக்'. சேகா நிறுவனம் தொண்ணூறுகளின் பிற்பாதியில் வெளியிட்ட, பிணங்களைச் சுட்டுத் தள்ளும் விளையாட்டின் மறுஆக்கம். படங்கள் புதிது, ரத்தம் கூடுதல். நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியில் இதற்குத் துப்பாக்கி கிடையாது. கையிலிருக்கும் ரிமோட்டைத் திருப்பித்தான் குறி பார்க்க வேண்டும். ரிமோட்டுக்குள் இருப்பது ஒரு ஜைரோ. எவ்வளவு வேகமாகத் திரும்பினீர்கள் என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். எங்கே நோக்கி நிற்கிறீர்கள் என்று தெரியாது. திரும்பிய வேகத்தைக் கூட்டிக் கூட்டித் திசையை ஊகிக்கிறார்கள். நொடிக்கு பத்தில் ஒரு பாகை தப்பாக அளந்தால் போதும், ஒரு நிமிடத்தில் குறி ஆறு பாகை நகர்ந்திருக்கும். மேல் கீழ் தவறைத் திருத்தப் புவியீர்ப்பு இருக்கிறது. எது கீழே என்று முடுக்கமானி சொல்லிவிடும். இடவலத் தவறைத் திருத்த யாருமில்லை. டிவி எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறது என்று புவியீர்ப்புக்கு எப்படித் தெரியும்? ஆகவே கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை பொத்தானை அழுத்திக் குறியை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். பிணம் கழுத்தைப் பிடிக்க வரும்போது நடுவுக்குக் கொண்டுவருவதா, சுடுவதா? விமர்சகர்கள் பலர் குறைப்பட்டது இதைத்தான். சல்லி விலைத் துப்பாக்கி ஒன்று 1984இல் நேராகப் பார்த்துத் தெரிந்துகொண்டதை, 2022இன் ரிமோட் ஊகித்துக்கொண்டிருக்கிறது.

வழி கண்டவர்களும் இருக்கிறார்கள். 'சிண்டன்' என்ற துப்பாக்கியின் முனையில் சாதாரணக் கேமரா ஒன்று உண்டு. திரையைச் சுற்றி ஒரு வெள்ளைச் சட்டம் வரைவார்கள். அது கேமராவில் எப்படிச் சாய்ந்து, சுருங்கித் தெரிகிறது என்பதிலிருந்து குறி எங்கே என்று கணினி கணக்கிடும். எந்த டிவியிலும் ஓடும். படத்தைச் சுற்றிக் கல்யாண ஆல்பத்துக்குப் போட்ட மாதிரி வெள்ளை ஓரம் நிற்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்னும் சிலர் 'டக் ஹன்ட்' நிரலையே திருத்தி, டிவியின் தாமதத்தைக் கணக்கில் சேர்த்து, துப்பாக்கியின் வடிகட்டியையும் மாற்றி எல்.இ.டி. டிவியில் வாத்தை விழ வைத்திருக்கிறார்கள்.

2024 டிசம்பரில் இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு முயற்சி வந்தது. 'ப்ளர் பஸ்டர்ஸ்' என்ற குழுவினர், அதிவேகத் தட்டைத் திரைகளில் படக்குழாயின் ஓடும் பட்டையை அப்படியே நடிக்க வைக்கும் நிரலை இலவசமாக வெளியிட்டார்கள். நொடிக்கு 480 தடவை மாறும் திரையில் ஒரு சட்டகத்தை எட்டுப் பட்டைகளாக வெட்டி, மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக ஒளிரவிட்டு அணைக்கிறது. அசைவுகள் படக்குழாயில் போலவே கூர்மையாகத் தெரிகின்றன. துப்பாக்கிக்கு அது போதாது. எட்டுப் பட்டை எங்கே, 312 கோடு எங்கே? அதன் வடிகட்டி கேட்பது நொடிக்குப் பதினைந்தாயிரம் துடிப்பு. அந்த வேகத்தில் மாறும் தட்டைத் திரை எந்தக் கடையிலும் கிடையாது.

அப்படி ஒரு திரை வரும்வரைக்கும் பழைய இரும்புக்கடைதான். திருப்பூர், பல்லடம் பக்கத்துக் கடைகளில் 14 அங்குல டிவிகள் எடைக்குக் கிடக்கின்றன. வாங்குகிறவர்கள் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ள வேண்டும். படக்குழாயின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது, எக்ஸ் கதிர் வெளியே வராமல் தடுப்பதற்காக. ஆகவே உடைந்ததைத் தொட வேண்டாம். பின்மூடியைக் கழற்றித் தூசி தட்டலாம் என்றும் நினைக்க வேண்டாம். குழாயின் பக்கவாட்டில் ரப்பர் மூடிக்குக் கீழே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல்கூட ஏறும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சில நேரம் அங்கேயே தங்கியிருக்கும்.